சுவருக்கு வெளியே ஒரு குலவை

தஞ்சாவூரின் பழைய கால்பந்து அரங்கத்தை இடித்தபோது என் அலுவலகத்தில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசிக்கொண்டார்கள். எந்த ஊர் அணி ஜெயித்தது, யார் எந்த மூலையிலிருந்து கோல் போட்டார் என்று ஒரே புராணம். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. அந்த அரங்கத்தின் சரித்திரத்தில் பந்தே உருளாத நாள் ஒன்று உண்டு. அதை யாரும் பேசவில்லை.

திராவிட ஆட்சி வந்துவிட்டது, இனிமேல் கூலி உயரும் என்று நன்னிலம் பக்கத்து எங்கள் ஊர் நம்பியிருந்த காலம். மிராசுதார்கள் மட்டும் மசியவில்லை. நடவு நேரத்தில் எங்கள் ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தபோது வரப்பில் நின்று மறித்தவர்களைப் போலீஸ் லாரியில் ஏற்றியது. அப்பாவும் அதில் போனார். சிறையில் இடமில்லாமல் தஞ்சாவூர் பந்து மைதானத்தில் அடைத்திருப்பதாகத் தகவல் வந்தது. பின்னாலேயே, உள்ளே ஒருவர் செத்துவிட்டார் என்றும் வந்தது. யார் என்று எவருக்கும் தெரியவில்லை.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மைதானத்தின் கேட் பூட்டியிருந்தது.

"பேரெல்லாம் சொல்ல முடியாது, போம்மா" என்றார் காவலர்.

அம்மா கெஞ்சினாள், அழுதாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரோரம் போய் நின்று, முதல் நாற்றை ஊன்றும்போது பெண்கள் போடும் குலவையைப் போட்டாள்.

உள்ளே மைதானம் முழுக்க ஒரே ஆரவாரம். குலவை கேட்டால் நடவு தொடங்கியாயிற்று என்றுதானே அவர்களுக்கு அர்த்தம்? கேட்ட கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள், பாவம். காவலர்கள் பதறி ஓடினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஏர்மாட்டைத் திருப்பும் ஒரு அதட்டல் நீளமாக எழுந்தது. ஊரில் ஒவ்வொருவர் அதட்டலும் ஒவ்வொரு விதம். இது அப்பாவுடையது.

"இருக்காருடி!" என்று அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

செத்தது யாரும் இல்லை, வெறும் புரளி. விடுதலையாகி வந்த அப்பா, "ஒன் கொலவைய நம்பி வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நின்னோம்" என்று வருஷக்கணக்காகக் கேலி செய்தார். அம்மா மட்டும் தஞ்சாவூர் வரும்போதெல்லாம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

இடித்துவிட்டார்கள் என்று சொன்னதும் அப்பா, "அங்க ஒரு ஆட்டம்கூடப் பாக்கலியே" என்று அலுத்துக்கொண்டார். இருவரையும் காரில் அழைத்துப் போனேன். சுவர் இல்லை, கேட் இல்லை, செங்கல் குவியல்தான். அப்பா தடியை ஊன்றி ஊன்றி நடுவில் போய், தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடினார். அம்மா கேட் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். தடுக்க யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் அவர் கையைப் பிடித்தாள்.

"போதும், வாங்க. வீட்டுக்குப் போவலாம்."

அன்றைக்கு அவள் சொல்ல வந்ததும் இதைத்தான்.