ஜாமீன் போட்டவனுக்குக் கோர்ட் இல்லை

திவால் என்று மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று பேசுகிற குடும்பம் எங்களுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. அப்படிப்பட்ட நானே என் தங்கை கணவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்தக் கடுதாசியைக் கொடுக்க வைத்தேன்.

அவருக்குச் செம்பூரில் பாத்திரக் கடை. அதைப் பெரிதாக்கப் பத்பேடியில், அதாவது கூட்டுறவுக் கடன் சங்கத்தில், கடன் கேட்டிருந்தார். ஜாமீன்தார் இடத்தில் என் கையெழுத்து வேண்டும் என்று பாரத்தோடு பட்டறைக்கு வந்தார். ஸ்கூல் பை தைக்கிற பட்டறை என்னுடையது. துணி வெட்டுகிற மேஜை மேலேயே வைத்துப் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. தங்கையைக் கட்டியவரிடம் "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் அது கடைசியில் அவள் தலையில்தான் விடியும்.

கடை பெரிதானது. உடனே சாலையைத் தோண்டினார்கள். இரண்டு வருஷம் கடை வாசலில் தகர வேலி. வேலியைப் பிரிப்பதற்குள் ஜனங்கள் குக்கரைக்கூட போனில் வாங்கப் பழகிவிட்டார்கள். பத்பேடி போக, சரக்கு கொடுத்தவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வசூலுக்கு வந்த ஒருவன் என் தங்கையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன்.

"அண்ணே, வெளிய தல காட்ட முடியல. செத்துரலாம் போல இருக்கு" என்று போனில் அழுதாள்.

மறுநாளே விசாரித்து, மாட்டுங்காவில் ஒரு தமிழ் வக்கீலைப் பிடித்தேன். வக்கீல் நிதானமாக விளக்கினார். கோர்ட் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்துவிட்டால் அவர் சொத்து கோர்ட் அதிகாரி கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பழைய கடனுக்காக யாரும் அனுமதி இல்லாமல் அவர் மேல் வழக்குப் போட முடியாது. இருப்பதை விற்று எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். நல்ல சட்டம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். விழுந்தவன் மூச்சு விடவாவது இடம் வேண்டாமா?

வக்கீல் ஃபீஸும் என்னுடையதுதான். கடை லைசென்ஸ், ரேஷன் கார்டு, கடன் காகிதங்கள் எல்லாவற்றிலும் மூன்று காப்பி வேண்டும் என்றார். மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு நானே கீழே இறங்கிப் போனேன். ஜெராக்ஸ் கடையில் கூட்டம். திரும்பி வர அரைமணி நேரம் ஆனது.

உத்தரவு வந்ததும் வாசலில் சத்தம் நின்றது. "நேத்துதாண்ணே நிம்மதியாத் தூங்குனேன்" என்றாள் தங்கை. நான் பெருமைப்பட்டேன், மடையன்.

இரண்டு வாரம் கழித்துப் பத்பேடி மேனேஜர் கடன் பாக்கியைக் கேட்டு எனக்குப் போன் செய்தார். கோர்ட் உத்தரவு உங்களுக்கு வரவில்லையா என்று கேட்டுச் சிரித்தேன். அவர் மரியாதையான இந்தியில், "அந்த உத்தரவு அவருக்கு மட்டும்தான். அவருக்குக் கோர்ட் இருக்கிறது, எங்களுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்" என்றார்.

வக்கீலிடம் ஓடினேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"ஜாமீன் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவரைக் கேட்டுண்டு மனு போடலாம்னு அன்னிக்கே சொன்னேனே. 'மச்சானுக்கு எல்லாம் தெரியும், சம்மதிச்சுட்டார்'னு உங்க மாப்பிள்ளை சொன்னாரே. ஓ, நீங்க அப்போ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேள்."

மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அவருடைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நான் வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த நேரத்தில் என் பட்டறையை அவர் விலை பேசி முடித்திருக்கிறார்.

நேராகச் செம்பூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. மாப்பிள்ளையைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஆனால் தங்கையிடம் எப்படிச் சொல்வது? கட்டியவன் அண்ணனை ஏமாற்றினான் என்று தெரிந்தால் உடைந்துவிடுவாளே. அவளுக்காக வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "சொன்னா நீங்க பயந்துருவியன்னுதான் மச்சான்..." என்று இழுத்தார்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் டீயை என் முன்னால் வைத்தாள்.

"அவகளக் கோவிக்காதிய அண்ணே. ஒங்களுக்கு எட்டு மிஷின் ஓடுதுல்லா? எங்களுக்கு என்ன இருக்கு?"

அவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. பொறுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவவில்லை. டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

ஐந்து மிஷினை விற்றேன். மீதிக்கு மாதத் தவணை. கட்டி முடித்தால் நானும் மாப்பிள்ளைக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்று கோர்ட்டில் பங்கு கேட்கலாமாம், வக்கீல் சொல்கிறார். கேட்கத்தான் போகிறேன். மாப்பிள்ளை மேல் கோபம் இப்போது பாதி ஆறிவிட்டது. அவர் கடனாளி, தப்பிக்க வழி பார்த்தார். தங்கை மேல்தான் ஆறவில்லை. "அண்ணே, இப்படி ஒண்ணு இருக்கு, நீங்க தாங்கிக்கோங்க" என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எட்டு மிஷினையும் விற்றிருப்பேன். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.