ராயர் வீட்டுச் சைவ மீன்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது காப்பிக்குப் பிறகு, எங்கள் வீட்டு முன்னறையில் மேற்கு ஆப்பிரிக்க மீன்களைக் குடியேற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று!

(ஏகமனது என்றால் நான். என் மனைவி சரோஜா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.)

ஆப்பிரிக்காவில் நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை அடைந்துகொண்டிருந்த காலம். எங்களுக்கு இன்னும் வீட்டுக்காரர் இருந்தார்.

வீடு பெங்களூர் சாமராஜப்பேட்டையில். வீட்டுக்காரர் ராயர், கன்னடக்காரர், சுத்த சைவம். "மாமிசம், மீன், முட்டை மூணும் இந்த மனைக்குள்ளே பேடா" என்ற நிபந்தனையோடுதான் வாடகைக்கு விட்டிருந்தார். பேடா என்றால் வேண்டாம்.

நாங்களும் நிபந்தனையை மீறாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் சிவாஜி நகருக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பினோம்.

சரோஜாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவ ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். கறி தின்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது. அந்த வீட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இந்த நிலைமையில் ஒருவன் மீன் வளர்ப்பானா என்று கேட்பீர்கள். ஆபீசில் என் மேலதிகாரி வளர்த்தார்.

இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியதும் ராயர் வந்தார்.

"ஏன்ரீ இது? என்ன இது?"

"மீன் தொட்டி சார்."

"மீனா!"

"உயிரோட இருக்கிற மீன் சார். பார்க்கறதுக்கு மட்டும்."

ராயர் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அது என்ன சாப்பிடும்?"

"நாம போடறதைச் சாப்பிடும்."

"அப்போ சரி. உங்களுக்கு என்ன சட்டமோ அதுக்கும் அதே சட்டம். சைவமா இருக்கட்டும். ஒண்ணை ஒண்ணு தின்னுச்சுன்னா தொட்டியும் பேடா, நீங்களும் பேடா."

ஆக, தங்களுக்குள் மட்டுமல்ல, வீட்டுக்காரரோடும் ஒத்துப்போகிற மீன்களாகப் பார்த்து வாங்க வேண்டியதாயிற்று.

ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வளர்ப்பு மீன் விற்ற பாயிடம் போனேன். மேலதிகாரி சொல்லியிருந்த சிக்லிட் வகையில் இரண்டு தினுசு இருந்தது. வயிற்றில் ரோஜா நிறம் படர்ந்த கிரிபென்சிஸ், ஒரு ஜோடி. சிவப்பு உடம்பெங்கும் நீலப் பொட்டு வைத்த ஜுவல், தனியாள்.

(படம் எங்கே என்று கேட்க வேண்டாம். கேமராவும் மேலதிகாரியிடம்தான் இருந்தது.)

"பாய், இதெல்லாம் சைவமா?"

"நீங்க எப்படிக் கேக்கறீங்களோ அப்படி சார்."

"சேர்ந்து இருக்குமா? சண்டை வராதே?"

"ஏன் வருது? எல்லாம் ஒரே ஊரு சார், மேற்கு ஆப்பிரிக்கா. கப்பல்லயே ஒண்ணா வந்த ஜனங்க!"

ஒரே ஊர்க்காரர்கள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்ற வாதம் எனக்குச் சரியாகவே பட்டது. (பெங்களூரிலிருந்த வட ஆற்காட்டுக்காரர்கள் சங்கத்தில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கூட்டம் எதற்கும் போனதில்லை.) மூன்றையும் வாங்கினேன்.

வேகவைத்த கீரையும் இட்லித் துணுக்கும் போட்டோம். சாப்பிட்டன. எங்களுக்காவது சிவாஜி நகர் இருந்தது.

ராயர் காலையில் பூஜை முடித்து வந்து, தன் கையாலேயே சோற்றுப் பருக்கை போட ஆரம்பித்தார். பிறகு மாலையிலும் வந்தார். பிறகு உறவினர்களை அழைத்து வந்தார்.

"பக்கா வெஜிடேரியன்! எல்லாம் நம்ம மனை பழக்கம்."

சரோஜா என் காதருகே, "நம்மளைப் பத்தி ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்காராங்க?" என்றாள்.

கிரிபென்சிஸ் தம்பதி, நான் கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்கச்சிக்குள் முட்டையிட்டது. சில நாளில் குஞ்சுகள் வெளியே வந்தன. தாய் முன்னால், தகப்பன் பின்னால், நடுவில் தூசி போலக் குஞ்சுகள். ராயர் ஒரு நாற்காலியே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

ஒரு மாலை அவருடைய மைத்துனர் குடும்பத்தோடு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஜுவல் மூலையிலிருந்து நிதானமாகப் புறப்பட்டு வந்து, ஊர்வலத்தின் ஓரமாகப் போன ஒரு குஞ்சை வாயில் போட்டுக்கொண்டது.

மைத்துனர் இருமினார்.

"இன்னிக்கே அதைத் திருப்பிக் கொடுத்துடறேன் சார்" என்றேன்.

"கொடுங்க. ஆனா நான் என்ன சொல்லியிருந்தேன்? சட்டம்னா சட்டம்தானே? மாசக் கடைசிக்குள்ளே நீங்க வேற மனை பார்த்துக்கங்க."

சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தின்னது மீனு. காலி பண்றது நாங்களா சார்?"

"அம்மா, நான் பேச்சு வெச்சது உங்களோட. மீனுக்குக் கன்னடமும் வராது, தமிழும் வராது."

மாதக் கடைசியில் சாமான் வண்டி வந்தது. சரோஜா சுவரைப் பிடித்துப் படியிறங்கினாள். தொட்டித் தண்ணீரை இறைக்க நான் வாளியோடு போனேன். ராயர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மனுஷன்ரீ நீங்க! பச்சைக் குழந்தைங்களை வெச்சிட்டிருக்கு. இந்த நிலைமையில ஒரு குடும்பத்தை இடம் மாத்தலாமா?"

தொட்டியை அங்கேயே விட்டோம்.

எங்கள் பெண் ஊரின் மறுகோடியில், விவேக் நகரில் பிறந்தாள்.