மீன் தலையும் மூன்று வீட்டுத் தீர்மானமும்

"தப்பா எடுத்துக்காதீங்க ஜெசிந்தா..." என்று ஒருவர் ஆரம்பித்தால், அடுத்து வரப்போவது என்னவென்று உங்களுக்கும் தெரியும்தானே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டு வாசலில் நின்று அப்படி ஆரம்பித்தவர் பக்கத்து வீட்டு வசந்தா மேடம். "நாங்க மூணு வீடும் பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ள மீன் சமைக்க வேண்டாம். ஆசையா இருந்தா ஹோட்டல்ல சாப்பிட்டுக்கோங்க. ஹவுஸ் ஓனர்கிட்டயும் சொல்லப் போறோம்."

மூன்று வீடும் பேசியிருக்கிறது. நாலாவது வீட்டைக் கூப்பிடவே இல்லை. நாலாவது வீடு — நாங்கள்.

நான் இப்போது இருப்பது எத்தியோப்பியாவில், ஹவாசா என்ற ஊரில். ஊரைச் சுற்றி மலையெல்லாம் காப்பித் தோட்டம். என் கணவர் இங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். வசந்தா மேடத்தின் கணவரும் அப்படித்தான். கெட்டவரில்லை வசந்தா மேடம். நான் காய்ச்சலில் கிடந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்தவர். அதனாலேயே கூடுதலாக வலித்தது.

சனிக்கிழமை என்றால் பஜாஜ் பிடித்து — ஆட்டோவுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர் — ஏரிக்கரை மீன் சந்தைக்குப் போய்விடுவேன். கிடைப்பது நம் ஜிலேபி கெண்டை. ஊளி மீனும் பாறை மீனும் தின்று வளர்ந்த ஆலந்தலைக் கடற்கரைக்காரிக்கு இதெல்லாம் ஒரு மீனா? இல்லைதான். ஆனாலும் மீனாச்சே!

அங்கே சதையை மட்டும் சீவிக்கொண்டு தலையை நாரைக்கு எறிந்துவிடுவார்கள். மொட்டைத் தலையோடு, ஆளின் நெஞ்சு உயரத்துக்கு வரிசையில் நிற்கும் நாரைகள். முதல் நாள் நான் என் தலையைத் தொட்டுக் காட்டி "இதுதான் வேணும்" என்றபோது மீன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது எனக்கென்றே எடுத்து வைக்கிறார்கள். நாரைகளுக்குத்தான் என் மேல் கோபம்.

வசந்தா மேடம் போனதும் கணவரைப் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர். சண்டை வரும் என்று தெரிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நழுவிவிடுகிற ஆள். "விடு ஜெசி. இன்னும் ஒரு வருஷந்தான... முட்டைய வச்சு ஓட்டிரலாம்" என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவனாவது என் பக்கம் பேசுவான் என்று ஒரு நம்பிக்கை.

"ஏளா, போன எடத்துல எதுக்கு வம்பு? நாங்களே இங்கன புது வீட்டுல ஜன்னலச் சாத்திட்டுத்தான் மீன் பொரிக்கோம். சுத்தி எல்லாரும் சைவம். ஒன் மதினி ஒரு ஊதுபத்தியும் கொளுத்தி வச்சிருதா."

"என்னண்ணே சொல்லுத? தூத்துக்குடியில இருந்துக்கிட்டு... மீன் பொரிக்க ஜன்னலச் சாத்துதியளா?"

"என்ன செய்யச் சொல்லுத? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவங்க வேணும்லா."

எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அப்பா கட்டுமரம் தள்ளிய கடல் அண்ணன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவர் பெற்ற பிள்ளை மீன் வாசத்தை ஊதுபத்தி வைத்து மறைக்கிறான். எதற்கு? யார் வீட்டிலாவது திருடினோமா?

வசந்தா மேடத்தின் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது — பிடிவாதம்.

அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிடப் பெரிய தலைகளாக வாங்கினேன். ஊரிலிருந்து கொண்டுவந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த புளியைக் கரைத்தேன். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, நடுப்பகலில் குழம்பைக் கூட்டினேன்.

முற்றத்தில் ஹவுஸ் ஓனர் ஆல்மாஸ் அம்மா பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். தினமும் அந்தப் புகை நாலு வீட்டுக்குள்ளும் தாராளமாகப் போய்வரும். வசந்தா மேடம் விறுவிறுவென்று வந்து ஆங்கிலத்தில் முறையிட்டார். மீனை நிறுத்தாவிட்டால் மூன்று வீட்டையும் காலி செய்துவிடுவோம் என்றும் சொன்னார்.

"இஷி" என்றார் ஆல்மாஸ் அம்மா. 'சரி' என்று அர்த்தம்.

சரி... பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். கணவர் அலமாரிப் பக்கம் பார்த்தார்.

ஆல்மாஸ் அம்மா நேராக என் அடுப்படிக்கு வந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். குழம்புக்குள்ளிருந்து ஒரு மீன் கண் அவரைப் பார்த்தது. முகத்தைச் சுளித்தார்.

"இது பறவைக்குப் போடுவதல்லவா?" என்றார் உடைந்த ஆங்கிலத்தில்.

"எங்களுக்கு இதுதான் ருசி. நிறுத்த மாட்டேன். போகச் சொன்னால் போய்விடுகிறேன்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் போகவேண்டும்? வீட்டைத்தான் வாடகைக்கு விட்டேன். உன் சட்டியில் எனக்கென்ன வேலை?" என்றார். அதையே முற்றத்தில் நின்று வசந்தா மேடத்திடமும் சொன்னார். அப்புறம் எல்லோரையும் காப்பிக்குக் கூப்பிட்டார். வசந்தா மேடம் மூக்கில் முந்தானையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

மூன்று வீட்டில் ஒன்றும் காலியாகவில்லை. வசந்தா மேடம் என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அது எனக்குக் கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை குழம்பு கொதிக்கிறது.

நேற்று மேடம் வீட்டில் பெருங்காயம் மணந்தது. காம்பவுண்டு முழுக்க மணந்தது.

நான் யாரையும் கூட்டிப் பேசவில்லை!