அய்யனார் காட்டு விறகு

இருளம்மாள் தன் ஆயுசில் செய்த திருட்டு ஒன்றே ஒன்றுதான்: ஓர் அணைப்பு விறகு.

திருவாடானைக்குக் கிழக்கே, அவள் ஊர் அய்யனார் காட்டில் சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. ஒடித்த கையைச் சாமி முடக்கிவிடும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். சுற்றிலும் உவர்மண், காட்டை ஒட்டிய ஊருணியில் மட்டும் கோடையிலும் நல்ல தண்ணீர். அந்தப் பயத்தைத்தான் ஊரே மொண்டு குடித்துக்கொண்டிருந்தது.

எழுபத்தேழாம் வருஷத்து அடைமழையில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. கூலிக்குப் போன புருஷன் சோணைமுத்துவால் வெள்ளத்தைத் தாண்டி வர முடியவில்லை. வீட்டு விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. பச்சைப்பிள்ளை குளிரில் நீலம் பாரித்ததும் காட்டுக்கு ஓடினாள். சாமியின் மண்குதிரை வயிற்றுக்கடியில் நனையாமல் கிடந்த சுள்ளிகளை அள்ளிவந்து தீ மூட்டினாள். பிள்ளை பிழைத்தது.

விஷயம் வெளியே வந்ததும், இனி அவள் கோயிலில் பொங்கல் வைக்கக் கூடாது என்று ஊர்த்தலைவர் பூமிநாதன் அம்பலம் தீர்ப்புச் சொன்னார். அவளும் அதை நியாயம் என்றே நம்பினாள், பாவி. மழை பொய்த்த வருஷமெல்லாம் ஊர் அவளைத்தான் முறைத்தது. கண்ணை மூடுவதற்குள் கோயில் பொங்கல் வரிசையில் ஒரு பானை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பிற்பாடு ஊருக்குக் கோபுர ஆசை வந்தது. காட்டை வெட்டி விற்கலாமா என்று சாமி முன் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பொட்டலம் மடித்துப் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பூ வந்தது. ஆகாது என்று அர்த்தம். வெள்ளை வரும்வரை திரும்பத் திரும்பக் கட்டினார்கள். மரமெல்லாம் செங்கல் சூளைக்குப் போனது. யார் கையும் முடங்கவில்லை. கரைமண் சரிந்து ஊருணி தூர்ந்தது. மிச்சத் தண்ணீரும் உப்புக் கரித்தது.

கும்பாபிஷேகத்துக்கு முன்தினம் அம்பலமே அவள் வாசலுக்கு வந்து, பழசெல்லாம் போகட்டும், நீயும் வந்து பொங்கல் வை என்றார். அழுதுவிட்டாள். மறுநாள் புதுப்பானையோடு போய் வரிசையில் அடுப்புக் கூட்டினாள். ஆளுக்கொரு கட்டு விறகு கொடுத்துக்கொண்டு வந்த அம்பலம் அவள் கையிலும் ஒன்றை வைத்தார். அய்யனார் காட்டில் வெட்டிய மிச்சம்.

கட்டைப் புரட்டிப் பார்த்ததும் அவளுக்கு எந்தக் காட்டு மரம் என்று தெரிந்துவிட்டது.

"அம்பலம், நான் எடுத்தது எம்புள்ள உசுருக்கு. நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

"சாமிக்குத்தேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

விறகைக் கீழே வைத்துவிட்டு, பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து அடுப்புக்காரி அந்த விறகையும் இழுத்துத் தன் அடுப்பில் செருகிக்கொண்டாள்.