வேலியில் ஓர் இடைவெளி

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். தங்கை பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். அந்தக் கம்பெனியின் பின்புறக் கம்பிவேலியில், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. தாண்டினால் மேய்ச்சல் புறம்போக்கு, கருவேலங்காடு, அப்புறம் ஓடை. வேலைக்குப் புதிதாக வரும் பெண்ணை முதல் நாளே யாராவது ஒருத்தி கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டிவிடுவாள். எதற்கு என்று அவளும் கேட்க மாட்டாள், இவளும் சொல்ல மாட்டாள். விபத்து என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் வந்துவிடும். அடுத்த ஊரில் நடந்தால்கூட, "அங்கன ஒரு சத்தம்" என்பதோடு சரி.

ஒருமுறை தங்கையின் கம்பெனியிலேயே சத்தம் கேட்டது. முன்வாசல் பக்கத்து அறை எரிந்தது. பெண்கள் அந்த இடைவெளி வழியாக ஓடிப்போய்க் கருவேலங்காட்டுக்குள் கிடந்தார்கள். தங்கை உடம்பெல்லாம் முள் கீறலோடு வீடு வந்து சேர்ந்தாள். அந்த முள்ளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பெரிய திட்டம் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டால், நடுவில் கிடக்கும் புறம்போக்கையும் ஓடையையும் அதோடு சேர்த்தே கொடுத்துவிடலாம் என்று ஒரு சட்டம் வந்தது. செய்தியில் பார்த்தபோது யாருக்கோ என்று இருந்துவிட்டோம். எங்கள் புறம்போக்கில் குடோன் கட்ட ஆள் வந்த பிறகுதான் உறைத்தது. ஊர்ச் சமுதாயக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள்.

"இந்த இடத்தை நீங்க எதுக்குப் பயன்படுத்துறீங்க?" என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆடு மேயுதுய்யா" என்றார் ஒருவர்.

"யாரோட ஆடு?"

ஊரே பட்டாசு வேலைக்குப் போன பிறகு ஆடு யாரிடம் இருக்கிறது? விறகு பொறுக்குவோம் என்றார் இன்னொருவர். வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு இருப்பது அதிகாரிக்குத் தெரியாதா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்று மூடியே தேவைப்படவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எழுந்து, "ஐயா, கம்பெனியில ஏதாவது ஆச்சுன்னா எங்க பொம்பளைக..." என்று ஆரம்பித்தேன். தங்கை என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"வாயைக் கழுவுக்கா. நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

சுற்றியிருந்த பெண்களும் என்னைத்தான் முறைத்தார்கள். யாருக்கும் பயன்படாத நிலம் என்று முடிவாயிற்று.

கருவேலங்காட்டை இயந்திரம் வழித்துப் போட்டது. ஓடையைத் தூர்த்தார்கள். கம்பெனி வேலியை ஒட்டியே, ஆள் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்குச் சுவர் எழும்பியது. வேலியில் அந்த இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நுழைந்தால் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது தீபாவளி ஆர்டர் நெருங்குகிறது. அறைக்குள் இடம் பற்றாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறதாம். வெயில் ஏற ஏற எனக்குப் பயமாக இருக்கிறது. தையல் மிஷினை நிறுத்தி நிறுத்திக் காது கொடுக்கிறேன்.

போன வாரம், சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் பருத்திச் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தரச்சொல்லித் தங்கை காலையில் வந்தாள். தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். கடைக்குப் போய்வருகிறேன் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எக்கா, சத்தம் கேட்டா ஓடைப் பக்கம் தேடி அலையாத. சுவத்துக்கிட்ட வா. அங்கனதான் எல்லாரும் கிடப்போம்."