ஜெசிந்தாக்கா கார்டும் நான் அடைத்த ஓட்டையும்

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, என் கடை மேஜை மேல் ஒரு லேப்டாப் வந்து விழுந்தது. 'வைத்தார்' என்று எழுத ஆசைதான். ஆனால் ஜெசிந்தாக்கா எதையும் வைப்பதில்லை. சங்கரா மீனை ஐஸ் பெட்டிக்குள் எறிகிற அதே எறிதான் எல்லாவற்றுக்கும்.

“டேய் கம்ப்யூட்டரு! இன்னாடா பண்ணி வச்சிகீற என் பொட்டிய?”

நான் எழுதுகிற இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள், ஆள் நின்றால் வெயில் நுழையாத அளவில் இருக்கும் லேப்டாப் ரிப்பேர் கடை என்னுடையது. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. பதிலுக்கு நான் பள்ளிக்கூடத்தையே கைவிட்டேன். மிச்சமெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் சொல்லிக்கொடுத்தது.

ஜெசிந்தாக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். அவர் புருஷன் லாரன்ஸ் அண்ணன் சொந்தமாக லாஞ்ச், அதாவது இன்ஜின் வைத்த பெரிய மீன்பிடிப் படகு, வைத்திருந்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில், வலை இழுக்கும்போது அலையில் தவறி விழுந்தார். உடல் கிடைக்கவில்லை.

“போன கிறிஸ்மஸுக்குத்தானக்கா ரெடி பண்ணிக் குட்த்தேன்? ஸோக்கா ஓடிச்சே!”

“ஸோக்காத்தான் ஓடுது. கார்ட சொருவுனா மட்டும் முழிக்க மாட்டேங்குது.”

லேப்டாப்பைத் திருப்பி, பக்கவாட்டு ஓட்டையைப் பார்த்தேன்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்டிரைவ் என்ற ஒன்று தெருவுக்குத் தெரு வருவதற்கு முந்தைய லேப்டாப்புகளில், பக்கவாட்டில் நீளமாக ஒரு ஓட்டை இருக்கும். மூன்று ஏடிஎம் கார்டுகளை ஒட்டிவைத்தது போல ஒரு கார்டை அதில் செருகுவார்கள். இன்டர்நெட் வேண்டுமா, அதற்கு ஒரு கார்டு. இடம் பத்தவில்லையா, அதற்கு ஒரு கார்டு. லாரன்ஸ் அண்ணன் ஒரு கப்பல்காரரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய லேப்டாப்போடு இடம் கொடுக்கிற கார்டு ஒன்றும் வந்தது. அதில் அவர் தன் 'பாயிண்ட்டு'களைச் சேர்த்து வைத்தார்.

பாயிண்ட்டு என்றால்? மூழ்கிய கப்பல், பாறை... கடலுக்கடியில் மீன் கூடுகிற இடங்கள். ஜிபிஎஸ்ஸில் அதற்கொரு நம்பர் உண்டு. எங்கள் ஊர் லாஞ்ச்காரர் தன் பெண்டாட்டியோடு போட்ட சண்டையை டீக்கடையில் விலாவாரியாகச் சொல்வார். பாயிண்ட்டை மட்டும் சொல்ல மாட்டார். லாரன்ஸ் அண்ணன் கரைக்கு வந்ததும் புதுப் பாயிண்ட்டைக் கார்டில் ஏற்றி, அதை உருவி பீரோவில் பூட்டிவிடுவார்.

அவர் போன பிறகு, அன்றைக்கு லாஞ்சை ஓட்டிய அவர் தம்பி அமலன் அந்தக் கார்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்தான். அண்ணன் விழுந்த இடம். பிறகு லாஞ்சை விற்றார்கள். அதிலிருந்த ஜிபிஎஸ்ஸும் அதோடு போனது.

கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே கல்லறைக்குப் போகும். வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி... ஜெசிந்தாக்கா எங்கே போவார்? அவர் கார்டைச் செருகுவார். கடைசி வரியின் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். அமலன் ஒரு பைபர் படகு எடுத்து வருவான். அந்த இடத்துக்குப் போய்ப் பூப் போட்டு, கடல் தண்ணீரிலேயே கையைக் கழுவிவிட்டுத் திரும்புவார்கள். அமலனும் கையிலிருக்கும் ஜிபிஎஸ்ஸில் அந்த நம்பரை அழித்துவிடுவான். வருடத்துக்கு ஒரு தடவை. இதுதான் வழக்கம்.

“ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கினா இன்னாக்கா?” என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

“எழுதுனா எவன் கண்ணுலயாவது படும். லாரன்ஸு பாயிண்ட்டாம்டோய்னு வலைய எறக்குவானுங்கோ. அவுரு பட்த்துகினு கீற எடத்துல எவனும் வலை இஸ்துகினு போவக் கூடாது.”

“அமலண்ணன் மனசுல வச்சிக்கலாமில்ல?”

“அவன் மனசா? ரெண்டு ரவுண்டு உள்ள போனா, வூட்டு பீரோ சாவி எங்க கீதுன்னு ரிக்ஷாக்காரனுக்குச் சொல்ற மனசு!”

சரி. இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முன் இந்த லேப்டாப் ஆமை வேகத்தில் இருந்தது. நான் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டேன். அதோடு நிறுத்தினேனா? கெர்னலையும் நானே கட்டினேன். கெர்னல் என்பது மிஷினின் ஒவ்வொரு உறுப்போடும் நேராகப் பேசுகிற அடித்தளப் புரோகிராம். அதைக் கட்டும்போது ஒரு நீளமான லிஸ்ட் வரும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில் கேள்விகள். பதில் ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து: 'ஒய்' என்றால் எப்போதும் உள்ளேயே இருக்கும். 'எம்' என்றால் வெளியே காத்திருந்து, கூப்பிட்டால் வரும். 'என்' என்றால் கிடையவே கிடையாது.

எனக்குப் பிடித்த எழுத்து கடைசி எழுத்துதான். பழையதையெல்லாம் தூக்கினால் மிஷின் பறக்குமே! தட்டிக்கொண்டே போனேன். கார்டு ஓட்டை வந்தது. இந்தக் காலத்தில் எவன் இதைச் செருகுகிறான்? 'என்'. இடம் மிச்சமாகட்டும் என்று பழைய கெர்னலையும் அழித்தேன். இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அக்காவிடம் ஒரு வஞ்சிரத் துண்டு வேறு வாங்கித் தின்றேன்.

“கார்டுல தூசிக்கா...” என்று ஆரம்பித்தேன்.

“மூஞ்சப் பாத்துச் சொல்லு.”

சொன்னேன். எல்லாவற்றையும். திட்டுவார், பொட்டி பறக்கும் என்று ஒரு அடி தள்ளி நின்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கார்டைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“அப்போ... அவுரு எங்க கீறாருன்னு இப்ப யாருக்குமே தெரியாதா நைனா?”

நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தினேன். 

“கார்டுல பத்திரமா கீறாருக்கா,” என்றேன். “ஓட்டையத்தான் நான் அட்ச்சிட்டேன். நாளைக்குள்ள தொறந்துடறேன்.”

வேறு மிஷினில் போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். அந்த ஓட்டை உள்ள மிஷின் சந்தில் எவனிடமும் இல்லை. பென்டிரைவில் வேறு லினக்ஸைப் போட்டு அதிலிருந்து எழுந்திருக்க இந்த லேப்டாப்புக்குத் தெரியாது. சிடி டிரைவ் எப்போதோ செத்துவிட்டது. நான் இறக்கிப் பார்த்த ரெடிமேட் கெர்னல் எதுவும் இந்த வயசான பிராசஸரை மதிக்கவில்லை. அடைத்தவன்தான் திறக்க வேண்டும்.

கடை மிஷினில் உட்கார்ந்து மறுபடி அந்த லிஸ்ட்டைத் திறந்தேன். கார்டு ஓட்டைக்கான பக்கத்தைத் தேடி, அதிலிருந்த எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்தேன். கட்டி முடிக்கவே மத்தியானம் ஆனது. லேப்டாப்பில் ஏற்றி, கார்டைச் செருகினேன். 'கார்டு வந்திருக்கிறது' என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவில்லை.

அமலன் டீயோடு வந்து நின்றான். “இன்னா மாமு, தொறந்துச்சா?”

“வாட்ச்மேன் மட்டும் வேலைக்கு வந்துட்டான் மாமு. வாசல்ல ஆள் நிக்கறாங்கன்னு சொல்றான். உள்ள கூட்டிகினு வரத்தான் ஆள் இல்ல.”

“அந்த ஆளையும் நீதான தொரத்துன?”

“ஆமா.”

“ஸோக்காப் பண்ண போ.” டீயை வைத்தான். எப்போதும் போல என் மண்டையில் தட்டவில்லை. அதுதான் வலித்தது.

நாலு தரம் லிஸ்ட்டைப் புரட்டிய பிறகுதான் உறைத்தது. ஓட்டைக்கு ஒரு டிரைவர். அதற்குள் வருகிற கார்டு ஒரு டிஸ்க் போல நடந்துகொள்ள இன்னொரு டிரைவர். அந்த இரண்டாவது ஆசாமி இந்தப் பக்கத்திலேயே இல்லை. எங்கோ டிஸ்க்குகள் இருக்கிற பக்கத்தில், பழசோடு பழசாகக் குந்தியிருந்தான்.

மறுநாள் ஏலம் முடிந்த கையோடு ஜெசிந்தாக்கா வந்துவிட்டார். மீன் வாசனையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அந்த வரியில் நின்றேன்.

“இதான்க்கா. ஒய் போட்டா எந்நேரமும் உள்ளியே இருப்பான். எம் போட்டா, கார்ட சொருவி கூப்ட்டாத்தான் வருவான். இந்த தபா உனுக்கு நான் ஒய்யே போட்டுடறேன், உள்ளியே இருக்கட்டும்.” பாவ மன்னிப்பு கேட்கிற குரலில்தான் சொன்னேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வோணாண்டா. கூப்ட்டா வர்ற மாதிரியே போடு. நாளெல்லாம் உள்ளியே வச்சிகினு இருந்தா, நான் எப்பிட்றா மீனு விக்கறது?”

'எம்' என்று அழுத்தினேன். கீபோர்டில் அந்த எழுத்து அவ்வளவு கனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் கார்டைச் செருகினேன். ஒரு நொடி... இரண்டு... ஒரே ஒரு ஃபைல் திரையில் வந்தது. திறந்தேன். லாரன்ஸ் அண்ணன் வைத்த பெயர்கள் வரிசையாக. 'பழைய கப்பல்'. 'வவ்வால் மூலை'. வலையைக் கிழிக்கிற பாறைக்கு 'மாமியார்'. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கம்மா இத்தப் பாக்காமியே போய்ச் சேர்ந்துட்டா!”

கடைசி வரி அமலன் எழுதியது. பெயர்: 'அண்ணன்'. பக்கத்தில் நம்பர்.

“அந்தாண்ட திரும்பு,” என்றார் அக்கா. திரும்பிக்கொண்டேன். பேனா உள்ளங்கையில் ஊர்கிற சத்தம் கேட்டது. ஆனால் திரும்புவதற்கு முன்பே என் கண் பார்த்துவிட்டதே... கண்ணுக்கு எவன் 'என்' போடுவது?

“கார்டு பழசாய்டுச்சுக்கா. ஒரு காப்பி போட்டு வைக்கட்டா?”

“வோணாம். ஒரு ஆளு, ஒரு கார்டு.” உருவி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். “நாளைக்கு நீயும் வா. ஓட்டைய அட்ச்சவன் நீதான?”

போனேன். காசிமேட்டிலிருந்து கிளம்பிய அரை மணியில் நான் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். வடக்கே எண்ணூர் புகைபோக்கிகள் விரல் அளவுக்குச் சின்னதாகி, நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களையும் தாண்டிய பிறகு, அமலன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான்.

“இங்கதான் அண்ணி.”

எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீராகத்தான் தெரிந்தது. அக்கா கீழே பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜெபம் சொன்னார். பூவைப் போட்டார். அப்புறம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்.

“பொண்ணு காலேஜ் சேந்துட்டா. வூட்டுக்கு மேல கூரை ஷீட்டு மாத்திட்டேன், இப்ப ஒழுவுல. உன் தம்பி குடிய பாதி வுட்டுட்டான்.”

“முக்காவாசி அண்ணி,” என்றான் அமலன்.

“அவுரு கிட்டயே பீலா வுடறியா?”

பூ கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. அக்கா குனிந்து கையைத் தண்ணீரில் விட்டார். பால்பாயிண்ட் மை சுலபத்தில் போகாது, தேய்க்க வேண்டும். தேய்த்தார். ரொம்ப மெதுவாக. போகக் கூடாது என்பது போல... அமலன் இன்ஜின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கும் வரை கரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

திரும்பி வரும்போது பாதி தூரத்தில் அவர் சட்டென்று கேட்டார்: “டேய் கம்ப்யூட்டரு. நேத்து நம்பரப் பாத்தியா?”

“எந்த நம்பருக்கா?”

தலையில் ஒரு தட்டு விழுந்தது. அப்பாடா.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பழைய மிஷின் எது வந்தாலும், எதையாவது தூக்குவதற்கு முன் கேட்கிறேன்: இதில் நீங்கள் வருடத்துக்கு ஒரே ஒரு தடவை செய்கிற வேலை ஏதாவது உண்டா? சிலர் சிரிக்கிறார்கள். சிலர் மிஷினைக் கொஞ்சம் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, “ஆமா, ஒண்ணு கீது” என்கிறார்கள்.

அந்த நம்பரா? பத்தாவதில் கணக்கில் பெயிலானவன் சார் நான். எனக்கு எந்த நம்பரும் மனதில் நிற்காது.