விளக்கு எரியுது, சத்தம் இல்லை

பாடுகிற ரேடியோவைக் காட்டுவதற்கு ரிப்பேர்காரனை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அது வாயை மூடினால்தான் நம் ஞாபகம் வரும். இதைப் படிக்கிற சக ரிப்பேர்காரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அப்போதுதான் கரண்டு இழுத்திருந்தார்கள். சுதந்திரச் செய்தியைக் கேட்க வேண்டுமென்று ஆளாளுக்குப் பாட்டரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நான் வேலை பார்த்த ராவுத்தர் முதலாளியின் ரேடியோ கடைக்கு வந்தார்கள். பாட்டரியை எடுத்துவிட்டுக் கரண்டில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பது என் வேலை. குருபோங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவன் நான், தபாலில் ரேடியோ பாடம் படித்துத் தப்பி வந்து நாலே மாதம் ஆகியிருந்தது. ஒரே வாரத்தில், நான் மாற்றிய செட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாகின. விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு செட்டு உன்னால கெட்டுச்சின்னு தெரிஞ்சிச்சி, நீ தோட்டத்துக்கே திரும்பிப் போயிடு லா!"

சந்தனம்

முதலில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீடு. பெட்டியின் பின்பலகையைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்கு நட்டநடுவில் வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கரண்டு வந்த சந்தோஷத்தில் வீட்டுக்கார அம்மாள் முன்பக்கத் துணியை விலக்கிப் பூசை போட்டிருக்கிறார். ஈரச் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, கூம்பை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. காகிதம் அசைந்தால்தானே சத்தம் வரும்?

"ஏம்மா, வெளியில மரத்துமேல வெச்சிருக்கக் கூடாதா?" என்றேன். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடை லாரிக்கும் நாந்தான் வெச்சேன், அது ஓடலியா தம்பி?"

கைப்பழக்கம்

அடுத்தது கிளேபாங்கில் ஒரு வாத்தியார் வீடு. பாட்டரி காலத்தில் பாட்டு கேட்டு முடித்ததும், பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுப் பாட்டரி வயரைப் பிடுங்கி வைப்பது பல வீடுகளில் வழக்கம். பாட்டரி தேயாமல் இருக்கத்தான். கரண்டுக்கு மாறிய பிறகும் வாத்தியாரின் கை சும்மா இருக்கவில்லை. பின்னால் துழாவி, அகப்பட்ட ஸ்பீக்கர் வயரைத் தினமும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டி, கடைசியில் அறுத்தே விட்டிருக்கிறார்.

"இப்படித்தான் தம்பி," என்று எனக்குச் செய்து காட்டவும் கிளம்பினார். அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருந்தார். சொட்டச் சொட்ட ஈரம். பெட்டியில் விளக்கு எரிகிறது! எனக்கு உயிரே போய்விட்டது. கத்திக்கொண்டே பாய்ந்து சுவர் சுவிட்சை அணைத்தேன். இரண்டு விரல் தள்ளிக் கை பட்டிருந்தால் அவர் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். அவரோ நிதானமாகக் கேட்டார். "எதையும் பிடுங்காம வெச்சா கரண்டு தேஞ்சி போயிடாதா?"

கத்தரிக்கோல்

இரண்டிலும் குற்றம் என்னுடையதல்ல என்று முதலாளியிடம் நிரூபித்துத் தப்பித்தேன். மூன்றாவது செட்டு பஸ் டிரைவர் அருணாசலத்தினுடையது. மனிதர் கடைக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் போனபோது வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி ராஜம்மா அக்கா மட்டும் இருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு வயரும் கத்தரித்த மாதிரி அறுந்திருந்தன. மாதிரி என்ன, கத்தரித்தேதான் இருந்தன. நிமிர்ந்தேன். அக்கா சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நாந்தான் தம்பி வெட்டுனேன்," என்றார், ரகசியமாக. "பாட்டரி இருந்தப்ப அரை மணி நேரம் நியூஸ் கேப்பாரு. மூடி வெச்சிட்டு எங்கிட்ட பேசிக்கிட்டு இருப்பாரு. கரண்டு வந்ததுலேருந்து, வேலை விட்டு வந்தா அது முன்னாலயே உக்காந்துடுறாரு. பதினேழு நாளாச்சி தம்பி. சாப்பாடு போடுன்றதத் தவிர ஒரு வார்த்தை இல்ல."

 சந்தனத்துக்கும் ஈரக்கைக்கும் தபால் பாடத்தில் பதில் இருந்தது, இதற்கு இல்லை. அதற்குள் அருணாசலம் உள்ளே வந்து, "என்னய்யா கோளாறு?" என்றார். அறுந்த வயரைக் காட்டினால் என் வேலை தப்பும், அக்கா மாட்டிக்கொள்வார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகப் பேசியது. "நான் மாட்டுனதுதான் சரியில்லண்ணே. இப்ப சரி பண்ணிடுறேன். ஆனா தினம் அரை மணிக்கு மேல ஓட்டாதீங்க, ஸ்பீக்கர் கருகிடும்."

மறுநாள் காலையில் அருணாசலம் கடை வாசலில் நின்று, இங்கே மாற்றுகிற செட்டுகள் அரை மணி நேரம்கூடத் தாங்காது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். கடைக்குள் செட்டோடு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். முதலாளியிடம் நான் எதையும் விளக்கவில்லை. அவர் என் சம்பளக் கணக்கைத் தீர்த்துக் கையில் கொடுத்தார். "கெட்ட செட்ட ஊமையாக்குனாக்கூடப் பரவால்ல, நீ நல்ல செட்டையே ஊமையாக்கிட்டியேடா!"

திருப்புளியையும் துணிமணியையும் பையில் போட்டுக்கொண்டு குருபோங் பஸ்ஸுக்கு நின்றேன். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்க்கொண்டிருந்த ராஜம்மா அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடிவந்தார். பையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நேத்து சாயங்காலம் எங்கிட்ட முக்கா மணி நேரம் பேசுனாரு தம்பி, முழுக்க ஒங்களத் திட்டித்தான்!"

எத்தனையோ பெட்டிகளைப் பேசவைத்துக் காப்பாற்றிய வேலையை, ஒரே ஒரு புருஷனைப் பேசவைத்துத் தொலைத்த ரிப்பேர்காரன் நம் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.